சங்கிலிப் பிசுக்கும் தென்பெண்ணை நுரையும்

சைக்கிள் சங்கிலியில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதற்கு எப்பொருள் ஏற்றது, அப்பொருள் நீரையும் நிலத்தையும் கெடுக்காததாகவும் இருத்தல் கூடுமோ என அன்பர்கள் சிலர் நம்மை வினவியுள்ளனர். இல்லத்துக்குரிய சிறு செய்திகளைப் பேசும் இப்பகுதிக்கு இக்கேள்வி முற்றிலும் உரியதே. பார்வைக்குச் சிறிதாயினும், பெங்களூரில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இதில் நேரான தொடர்பு ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

தமிழ்க் குடும்பங்கள் பல பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த காலத்தில் சைக்கிள் உழைப்பாளியின் ஊர்தியாக விளங்கிற்று. 1940-ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948-ல் எழுந்த தொலைபேசித் தொழிற்சாலை, 1954-ல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றின் வாயில்களில் காலைப் பொழுதில் சைக்கிள்கள் அணி அணியாக நுழைந்த காட்சியை மூத்தோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அந்நாளைய சைக்கிளின் சங்கிலி பெரும்பாலும் தகரக் கூட்டுக்குள் மறைந்து கிடந்தது. ஆண்டுக்கொரு முறை கடையில் விட்டு 'ஓவராயில்' செய்தால் அதன் தேவை தீர்ந்தது. கடைக்காரர் ஒரு பழைய தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சங்கிலியை ஊறவைத்து, தேய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுப்பார். அந்த மண்ணெண்ணெயையே அடுத்த சைக்கிளுக்கும், அதற்கடுத்த சைக்கிளுக்கும் பயன்படுத்துவார். சிக்கனம் கருதி அவர் செய்த அச்செயலை இங்கே நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் ஞாயிறு விடியலில் கியர் சைக்கிளேறி நந்தி மலைக்குச் சென்று திரும்புகின்றனர். இவ்வண்டிகளின் சங்கிலிக்குக் கூடு இல்லை. சாலைப் புழுதி முழுவதும் அதன்மேல் வந்து அமர்கிறது. சங்கிலி, பல்சக்கரம் ஆகியவற்றை மாற்றும் செலவோ, முன்னாளில் முழுச் சைக்கிளையே வாங்கப் போதுமானது. ஆகவே பிசுக்கு நீக்கும் திரவங்கள் கடைகளில் வரிசையாக நிற்பதில் வியப்பில்லை.

அழுக்கின் இயல்பை முதலில் அறிதல் நலம். நாம் இன்று காணும் உருளைச் சங்கிலியை 1880-ல் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் அமைத்தார். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசியும் அதன்மேற் சுழலும் உருளையும் உள்ளன. ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைத்தொலைவு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஊசிக்கும் உருளைக்கும் நடுவே எண்ணெய் இருக்கும்வரை சங்கிலி ஓசையின்றி ஓடும். அவ்வெண்ணெயில் மணல் கலந்துவிட்டாலோ, அதுவே இரும்பை அரைக்கும் சாந்தாகிவிடும். சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று கடைக்காரர் கூறுவது வழக்கம். இரும்பு இழுபட்டு நீள்வதன்று அது. நூற்றுக்கு மேற்பட்ட ஊசிகள் ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்து, அத்தேய்மானம் ஒன்றுசேர்ந்து நீளமாகத் தோற்றுகிறது. புதிய சங்கிலியில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் சங்கிலியைக் கழிக்க வேண்டும். கியர் வண்டியாயின் பதினாறில் ஒரு பங்கு கூடியபோதே மாற்றுவது பல்சக்கரங்களைக் காக்கும். அளவுகோல் ஒன்று போதும், எவ்வித நிபுணரும் வேண்டா.

இனி, எதனால் கழுவுவது?

நம் வீட்டுத் தாய்மார்கள் சாம்பலையும் புளியையும் நினைவூட்டக் கூடும். எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் பளிச்சென ஆக்குவது உண்மையே. சாம்பலிலுள்ள காரம், நல்லெண்ணெய், நெய் முதலியவற்றோடு கூடி ஒருவகைச் சோப்பாக மாறி நீரில் கரைந்துவிடுகிறது. ஆனால் சங்கிலிக்கு இடும் மசகு எண்ணெய் நிலத்தடியினின்று எடுத்த கனிம எண்ணெய். காரத்தோடு அது சோப்பாவதில்லை. ஆகையால் சாம்பல் இங்கே பயன்படாது. அதிலுள்ள நுண்மணல் கண்ணிகளுக்குள் புகுந்து தீங்கும் செய்யும். புளி, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்போ இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அமிலமோ காரமோ கொண்ட கழுவுபொருள்களைச் சங்கிலிக்குப் பயன்படுத்தலாகாது, பயன்படுத்தினால் சங்கிலி அறுந்துபோக நேரலாம் என்று ஜப்பானிய ஷிமானோ நிறுவனம் தன் கையேடுகளில் எச்சரிக்கிறது. மலைச்சரிவில் சங்கிலி அறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பூந்திக் கொட்டையைப் பற்றிச் சிலர் உயர்வாகப் பேசுகின்றனர். அதில் சபோனின் என்னும் நுரைப்பொருள் உண்டு. பட்டுத்துணிக்கும் நகைக்கும் அது மிக நல்லது. இளம் பிசுக்கையும் ஓரளவு போக்கும். மாதக்கணக்கில் கறுத்து இறுகிய பிசுக்கின்முன் அது தோற்றுவிடும். மேலும், காயிலிருந்து வந்தது என்பதாலேயே நீருக்கு அது தீங்கற்றது எனக் கருதுவது பிழை. சபோனின் மிகுந்த காய்களை நசுக்கிக் குட்டையில் இட்டு மீன்களை மயக்கிப் பிடிப்பது பழங்குடி மக்கள் பலரும் அறிந்த முறை. மீனின் செவுளுக்கு அது நஞ்சு.

எண்ணெயை எண்ணெயே கரைக்கும் என்பது இத்தொழிலின் அடிப்படை. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் ஆகிய மூன்றும் கனிம எண்ணெயின் உடன்பிறப்புகளாதலின், பிசுக்கைத் தம்முள் எளிதாக வாங்கிக்கொள்கின்றன. இவற்றுள் பெட்ரோலை அறவே விலக்க வேண்டும். அதன் ஆவி அறை வெப்பத்திலேயே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அடுக்குமாடியின் படிக்கட்டடியில் பெட்ரோலால் சைக்கிள் கழுவுவோரை நாம் கண்டிருக்கிறோம். அஞ்சத்தக்க செயல். டீசல் எளிதில் உலராது, ஒரு பூச்சை விட்டுச்செல்லும். மண்ணெண்ணெய் நன்கு வேலை செய்யும். எனினும் அதுவும் தீப்பற்றும், தோலை வறட்டும், மூடிய அறையில் மூச்சுக்கு ஆகாது. ரேஷன் கடைகளில் அது முன்போல எளிதாகக் கிடைப்பதுமில்லை.

இக்குறைகளைக் கண்டு மனம் சலித்தவர்கள் பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் சலவைத் தூளுக்கும் வந்து சேர்கின்றனர். நீரோடு கலப்பது, மணமுள்ளது, கைக்கு இதமானது, ஆகவே தூயது என்பது அவர்தம் எண்ணம். நாம் முதலிற் குறிப்பிட்ட தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் செயற்கைச் சலவைப் பொருள்கள் பெருகின. அவற்றின் மூலக்கூறு ஒருபுறம் நீரையும் மறுபுறம் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும். அக்காலத்து மூலக்கூறுகளின் எண்ணெய்ப் புறம் மரக்கிளைபோலப் பிரிந்திருந்தது. நீரிலுள்ள நுண்ணுயிர்களால் அக்கிளைகளை எளிதில் சிதைக்க இயலவில்லை. விளைவாக, 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் மலைபோல நுரை எழுந்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் இயற்றி, 1964-ல் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தொழிலகங்கள் 1965-ல் கிளையற்ற, நேரான மூலக்கூறுகளுக்கு மாறின. அங்கே நுரை தணிந்தது.

அவ்வாறாயின் பெங்களூரில் ஏன் தணியவில்லை? பெல்லந்தூர் ஏரியின் நுரை சாலையில் செல்வோர் முகத்தில் பறந்து விழுந்ததையும், 2015 மே மாதத்தில் அந்நுரையே தீப்பிடித்து எரிந்ததையும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் அங்கே தீ எழுந்ததையும் நாடே வியப்போடு பார்த்தது. நீர் எரிவதைப் புராணத்தில் படித்த நாம் அதனைச் சர்ஜாபூர் சாலையருகே கண்டோம். நேரான மூலக்கூறுகளை நுண்ணுயிர்கள் சிதைக்கும் என்பது மெய். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். நீரில் கரைந்த உயிர்க்காற்று இருக்குமிடத்தில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்வன. நம் நகரின் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்களில் சாக்கடை கலந்து ஓடும் கருநீரில் உயிர்க்காற்று ஏது? அங்கே செல்லும் சலவைப் பொருள் சிதையாமலே ஏரியை அடைகிறது. மதகிலிருந்து நீர் வீழுமிடத்தில் கலங்கி நுரையாகிறது. சலவைத் தூள்கள் சிலவற்றிலுள்ள பாஸ்பேட் ஆகாயத் தாமரைக்கு உரமாகி, ஏரியின் முகத்தை மூடிக் காற்றை மேலும் அடைக்கிறது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததை நம் சங்கத்து அன்பர்கள் பலர் நேரிற் கண்டிருப்பர்.

இனி நில அமைப்பைப் பாருங்கள். பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்த நகரம். அம்முதுகின் கிழக்கே விழும் நீர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகவும் ஹெப்பாள் பள்ளத்தாக்கின் வழியாகவும் தட்சிண பினாகினியை அடைகிறது. கன்னட நாட்டில் அப்பெயர் பெற்ற ஆறு, ஓசூர் எல்லையைத் தாண்டியதும் நம் தென்பெண்ணையாகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் ஆகிய அணைகளைக் கடந்து கடலூரருகே கடலிற் கலக்கிறது. மேட்டின் மேற்கே விழும் நீரோ விருஷபாவதியாகி, அர்க்காவதியிற் சேர்ந்து, கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியை அடைகிறது. அதன்பின் ஒகேனக்கல், மேட்டூர் என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனவே இந்நகரில் எந்தத் தெருவில் நின்று வாளி நீரைச் சாக்கடையில் கவிழ்த்தாலும், அதற்குப் போக்கிடம் தமிழ்நாடுதான். கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் வெண்ணுரை பொங்கி, பாலத்தையும் வயலையும் மூடியதை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்கள் பன்முறை வெளியிட்டன. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்தோர் நம்மிடையே ஏராளம். பொங்கலுக்கு ஊர் சென்று, வாய்க்கால் நீர் நாறுகிறதே என மூக்கைப் பொத்துவோர், அவ்வாய்க்காலின் தலைப்பு எங்கே உள்ளது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு சைக்கிளால் ஓர் ஆறு கெடாது என்பது உண்மை. அணையில் பொங்கும் நுரைக்கு ஊர் முழுவதும் ஓடும் சாக்கடையே காரணம் என்பதையும் மறுக்கவில்லை. எனினும் நம் கைவாளி நம் ஆட்சிக்கு உட்பட்டது.

ஆரஞ்சுத் தோலின் எண்ணெயால் ஆன நீக்கிகள் இப்போது பெரிதும் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவ்வெண்ணெயின் சாரம் லிமோனீன். பிசுக்கைக் கரைப்பதில் அது மண்ணெண்ணெய்க்குக் குறைந்ததன்று. மணமும் இனிது. 'இயற்கை' என்னும் சொல்லும் புட்டியின் மேல் பச்சை எழுத்தில் மின்னும். ஆனால் தூய லிமோனீனும் மண்ணெண்ணெயைப்போலவே தீப்பற்றும் பொருள். காற்றுப்பட்டுப் பழகியது சிலர் தோலில் தடிப்பை உண்டாக்கும். நீர்வாழ் உயிர்களுக்குப் பெருநஞ்சு என ஐரோப்பிய ஒன்றியத்தின் இரசாயனப் பட்டியல் அதனை வகுத்துள்ளது. பச்சை எழுத்தை நம்பி அதனைச் சாக்கடையில் விடுவோர் மண்ணெண்ணெயை விட்டவரினும் நல்லவராகிவிட மாட்டார்.

'எளிதில் மக்கும்' என்னும் முத்திரை பொய்யா எனின், பொய்யன்று. உலக நாடுகள் பல ஏற்றுக்கொண்ட சோதனை முறையின்படி, ஒரு பொருள் 28 நாளில் குறைந்தது 60 விழுக்காடு சிதைந்தால்தான் அப்பெயர் பெறும். ஆனால் அச்சோதனை காற்றோட்டமுள்ள கலத்தில் நடைபெறுவது. காற்றற்ற சாக்கடையை அது கண்டதில்லை. இன்னொன்றும் உண்டு. மக்கும் பொருள் மக்கினும், அது கழுவி எடுத்த கருப்பு எண்ணெயும் இரும்புத்தூளும் மக்குவதில்லை. மோட்டார் வண்டியின் கழிவெண்ணெய் தன்னைப்போல் பத்து லட்சம் மடங்கு குடிநீரைக் கெடுக்கவல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் கூறும். சங்கிலியில் இருப்பதும் அவ்வினத்து எண்ணெயே. ஆகவே எந்த நீக்கி என்பதைவிட, கழுவிய கழிவு எங்கே போகிறது என்பதே பெரிய வினா. நம் கருத்தில், நூறு மில்லி மண்ணெண்ணெயைப் புட்டியிலேயே வைத்து ஓராண்டு ஆள்பவர், மாதந்தோறும் ஒரு புட்டி பச்சைத் திரவத்தைக் குழாய்நீரோடு சாக்கடைக்கு அனுப்புபவரைக் காட்டிலும் ஆற்றுக்கு நண்பர்.

அந்த ஆட்சிமுறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். கழற்றக்கூடிய சங்கிலியாயின், 'செயின் லாக்' எனப்படும் பூட்டுக் கண்ணியை நீக்கிச் சங்கிலியை எடுங்கள். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் சங்கிலி மூழ்குமளவு மண்ணெண்ணெய் ஊற்றி, சங்கிலியை இட்டு மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி ஊறியபின் மறுபடி குலுக்கி எடுத்து, இரண்டாம் புட்டியிலுள்ள தெளிந்த மண்ணெண்ணெயில் ஒருமுறை அலசுங்கள். பழந்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு வாரம் அசையாது வைத்தால் முதற்புட்டியின் அழுக்கு அடியில் மண்டியாகப் படியும். மேலே தெளிந்ததை மெல்ல இறுத்து மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கடைக்காரர் தகர டப்பாவிற் செய்ததும் இதுவே. வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், கையுறையோடு செய்க. புட்டியின் மேல் பெயரைப் பெரிதாக எழுதிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குளிர்பானப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ மண்ணெண்ணெயை ஒருபோதும் ஊற்றாதீர். தண்ணீரென்று குடித்து மருத்துவமனை சென்ற குழந்தைகள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

வீட்டில் மண்ணெண்ணெய் வைக்க விரும்பாதவரும், சங்கிலியைக் கழற்ற அறியாதவரும் நீரில் கலக்கும் வகையையே வாங்கலாம். அதில் மூன்றைப் பாருங்கள்: அமிலமும் காரமுமற்ற நடுநிலைத் திரவமாக இருத்தல், பாஸ்பேட் இல்லாதிருத்தல், 'எளிதில் மக்கும்' என்பதற்குச் சோதனை முறையின் பெயரையும் புட்டியின்மேல் கூறியிருத்தல். வெறும் 'பசுமை', 'இயற்கை' என்னும் சொற்களுக்கு விலை கொடுக்க வேண்டா. சங்கிலியின் கீழே பழைய செய்தித்தாளை விரித்து, பிரஷ்ஷில் சில துளி மட்டும் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தட்டு பிரேக்கில் ஒரு துளியும் தெறிக்கலாகாது, தெறித்தால் பிரேக் பிடிக்காது. குழாயைத் திறந்து பீய்ச்சும் வழக்கத்தை விடுவது நல்லது. அது சக்கர அச்சுக்குள் நீரைப் புகுத்தும். மேலும், 2024 மார்ச்சில் நீர்ப்பஞ்சம் முற்றியபோது, வண்டி கழுவக் குடிநீரைப் பயன்படுத்துவோர்க்கு 5000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு இன்னொரு சொல்: உங்கள் கட்டடத்தின் அடியிலுள்ள கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்வோர் நுண்ணுயிர்களே. எண்ணெயும் நீக்கியும் அவர்களுக்கு ஒவ்வாது.

புட்டியடியில் தங்கிய மண்டியை மரத்தூளில் கொட்டிப் பிசைந்து, செய்தித்தாளில் மடித்து, அழுக்குத் துணியோடு சேர்த்து, வீட்டு அபாயக் கழிவு எனத் தனியே குறித்துக் குப்பை எடுப்போரிடம் கொடுங்கள். காய்கறிக் குப்பையோடு சேர்த்தால் அது உரமாகும் இடத்தைக் கெடுக்கும். எரித்தலும் கூடாது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவதைவிட விரித்து உலரவிட்டுக் கொடுப்பது பாதுகாப்பு. கெட்டுப்போன மண்ணெண்ணெய் மிகுதியாகச் சேர்ந்துவிட்டால், கழிவெண்ணெயை மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் மோட்டார் பணிமனை எதுவென விசாரித்து, அங்கே ஒப்படையுங்கள்.

இவ்வளவு பாடும் யாருக்கு வேண்டும் என்பதையும் கூறிவிட வேண்டும். சங்கிலிக் கூடுள்ள சாதாரணச் சைக்கிளில் கடைக்கும் பள்ளிக்கும் செல்வோர்க்கு நீக்கியே தேவையில்லை. கூட்டைத் திறந்து, உலர்ந்த துணியால் சங்கிலியைப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிப் பத்துச் சுற்றுச் சுற்றி, கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் இட்டு, கால் மணி கழித்து வெளியில் வழிந்ததைத் துடைத்துவிட்டால் போதும். வெளியே நிற்கும் எண்ணெய் சங்கிலிக்குப் பயன்படாது, புழுதியை அழைக்கவே பயன்படும். கியர் வண்டியோர் ஒவ்வொரு நெடும்பயணத்துக்குப் பின்னும் இத்துடைப்பைச் செய்தால் மூன்று கழுவலில் இரண்டு மிஞ்சும். முழுதும் கழுவிய புதுச் சங்கிலியை உருகிய பாராஃபின் மெழுகில் தோய்த்து ஓட்டும் முறை ஒன்றும் பரவி வருகிறது. அதில் புழுதி ஒட்டுவதில்லை, பின்னர் நீக்கியும் வேண்டுவதில்லை. கொதிநீரில் மெழுகைக் கரைத்து மீண்டும் தோய்க்கலாம். மழைக்காலத்தில் மெழுகு விரைவில் போய்விடும், சங்கிலி துருப்பிடிக்கும் என்பது அதன் குறை. மெழுகை நேரே அடுப்பில் ஏற்றாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்குக. அப்பாத்திரம் சமையலுக்கு மீளாது என்பதை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுவது நலம்.